கொல்லாமைக்குக் கூலி கொடுப்பது யார்?

உயிர்க்கொலையை நிறுத்த ஆன்மிகத்தால் முடியுமா என்று கேட்பவர்கள் காஞ்சிபுரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த விகாரங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதிவைத்தார். சமணரும் ஏராளம் என்றார். ஊரை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் வர்த்தமானர் கோயில் இன்றும் இருக்கிறது. அதன் சங்கீத மண்டபத்தை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்தவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். சங்கர மடமும் இந்த ஊரில்தான். கொல்லாமையை இத்தனை காலம் இத்தனை வாயால் பேசிய ஊர், உலகத்துக்குத் தெரிந்திருப்பதோ பட்டுக்காக. ஒரு கிலோ பட்டுநூலுக்கு ஏழெட்டு கிலோ கூடு வேண்டும். கூடு ஒவ்வொன்றுக்குள்ளும் உயிரோடு ஒரு புழு. ஆவியிலோ வெப்பத்திலோ அது செத்தால்தான் இழை அறாமல் வரும். இதைச் சொல்லி ஊரைக் குத்திக்காட்டுவது சுலபம். என் கட்சி வேறு. ஆன்மிகம் கொலையைத் தடுத்த இடங்கள் உண்டு. ஆனால் அங்கெல்லாம் அறம் சொன்னவரோ, அவரோடு சேர்ந்து நின்றவரோ, கொல்பவனின் சோற்றுக்கும் ஒரு வழி சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்லாத இடத்தில் ஆன்மிகம் கொன்றவனின் மனப்புண்ணை ஆற்றியதோடு நின்றுவிட்டது.

ஆற்றுவதைக் குறைத்துச் சொல்லவில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் சில படி ஏறிக் கையை உயர்த்தினால் மேற்கூரையில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் கைக்கு எட்டும். பக்கத்தில் சூரியன், சந்திரன். பல்லி மேலே விழுந்த தோஷம் முதல் தீராத நோய் வரை அந்தத் தொடுகையில் போகும் என்று நம்பி வருகிறார்கள், இறங்கும்போது முகம் தெளிந்து இறங்குகிறார்கள். அந்த நிம்மதி பொய்யில்லை. ஆனால் பரிகாரம் முழுக்க மனிதனைப் பற்றியது. பல்லிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இதே கதையைப் பெரிய அளவில் காண ஜப்பானுக்குப் போகவேண்டும். நகாதோவை அடுத்த கயோய் என்ற கடலோர ஊரில், வேட்டையாடிய தாய்த் திமிங்கிலங்களின் வயிற்றில் கிடைத்த கருக்களுக்கென 1692இல் ஒரு கல்லறை எழுப்பினார்கள். அங்குள்ள கோகன்ஜி என்ற பௌத்தக் கோயில், இறந்த மனிதருக்குச் சூட்டுவதுபோலவே திமிங்கிலங்களுக்கும் பெயர் சூட்டி இறப்பேட்டில் பதிந்துவைத்தது. கண் கலங்க வைக்கும் பக்தி. வேட்டை மட்டும் அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக நடந்தது. 2019இல் ஜப்பான் சர்வதேசத் திமிங்கில ஆணையத்திலிருந்தே வெளியேறி வணிக வேட்டையை மறுபடி தொடங்கியது. மனம் ஆறிய வேட்டைக்காரன் மறுநாள் இன்னும் நிம்மதியாக ஈட்டி எறிவான் என்று சொன்னால் கொஞ்சம் கடுமைதான். பொய் என்று சொல்ல முடியவில்லை.

பரிகாரம் ஒரு வழி என்றால் வேறொரு வழியும் தமிழில் பழையதாகவே இருக்கிறது. காஞ்சியில் வந்து முடியும் காப்பியமான மணிமேகலையில் உயிர்காத்த இருவர் வருகிறார்கள். ஆபுத்திரன், வேள்விக்காகக் கட்டிவைத்த பசுவை இராத்திரியில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். இன்றைய மொழியில் அவன் ஒரு செயற்பாட்டாளன். அகப்பட்டு, அடிபட்டு, ஊரைவிட்டே துரத்தப்படுகிறான். அவன் செயலால் வேள்வி வழக்கம் ஒன்றும் நின்றதாகத் தெரியவில்லை. இன்னொருவன் சாதுவன் என்ற வணிகன். கப்பல் உடைந்து நாகர் மலையில் கரையேறுகிறான். கள்ளும் ஊனும் கொடுக்கிறார்கள், மறுக்கிறான். காரணம் கேட்ட நாகர் தலைவனுக்கு வினைப்பயனை விளக்குகிறான். தலைவன் கேட்டுக்கொண்டு, எங்களால் ஊனை விட்டு வாழ முடியாதே, எங்களுக்கு ஏற்ற அறம் எதுவோ அதைச் சொல் என்கிறான். சாதுவன் அங்கே பிடிவாதம் பிடிப்பதில்லை. கப்பல் உடைந்து கரையேறுபவர்களைக் கொல்லாதீர்கள், மூத்துத் தானாகச் சாகும் விலங்கைத் தவிர வேறெதற்கும் கெடுதல் செய்யாதீர்கள் என்று அவர்களால் முடிந்த அளவுக்கு இறங்கிவந்து சொல்கிறான். அறத்தில் பாதியை விட்டுக்கொடுத்து மீதியைக் காப்பாற்றிக்கொண்டான் என்றே நான் படிக்கிறேன். பௌத்தக் காப்பியம் தன் கதைமாந்தருக்கு இந்தச் சமரசத்தை அனுமதித்திருப்பது சாதாரண விஷயமில்லை.

சமரசத்தின் பலனைக் கண்ணால் பார்க்க வேடந்தாங்கல் பக்கத்திலேயே இருக்கிறது. மாவட்டம் 2019இல் பிரியும் வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டு விளையாட, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798இல் அவர் பறவைகளைக் காக்க உத்தரவு எழுதிக் கொடுத்தார். 1858இல் அதைப் புதுப்பித்து வாங்கிக்கொண்டார்கள். சரணாலயம் என்ற பெயர் 1936இல்தான் வந்தது. மதுராந்தகம் ஏரிக்கரையை வில்லேந்திய இரு இளைஞர்கள் காவல்காத்ததைக் கண்டு வியந்ததாக ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிற துரையும் இதே பிளேஸ்தான். வேடந்தாங்கல்காரர்கள் பறவையை விருந்தாளியாக நினைப்பது உண்மை. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருப்பதும் உண்மை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்வதும் அதே அளவு உண்மை. பக்தியையும் வயலையும் அவர்கள் இரண்டு கணக்காக எழுதவில்லை. அதனால்தான் அந்த வழக்கம் கும்பினி ஆட்சி போய், ராணி ஆட்சி போய், சுதந்திரம் வந்த பிறகும் தாங்கி நிற்கிறது.

தமிழ்க் கடற்கரையில் திமிங்கில வேட்டை ஒரு தொழிலாக இருந்ததில்லை. அதற்கு மிக அருகில் வரும் இந்திய உதாரணம் குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் கிடைக்கிறது. அங்கே வேட்டையாடியது திமிங்கிலத்தை அல்ல, திமிங்கிலச் சுறாவை. உலகின் மிகப் பெரிய மீன் அது, ஆளை ஒன்றும் செய்யாது. வேராவல் பக்கத்து மீனவர்கள் தூண்டில் முள்ளோடு பீப்பாயைக் கட்டி மிதக்கவிட்டு அதைக் களைக்கவைத்துப் பிடித்தார்கள். ஈரல் எண்ணெய் மரப்படகுக்குப் பூசப் போனது, இறைச்சி வெளிநாட்டுக்குப் போனது. மைக் பாண்டே 2000இல் எடுத்த ஆவணப்படம் இந்தக் கொலையை வெளியே காட்டியது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்ந்தது. இந்தியாவில் அப்படிக் காக்கப்பட்ட முதல் மீன் அதுதான். ஆனாலும் கரையில் மனம் மாறவில்லை. 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை தொடங்கிய இயக்கத்துக்கு ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு முகமாக வந்தார். இந்த மீன் மகப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள், வீட்டுக்கு வந்த மகளை யாராவது வெட்டுவார்களா என்று கேட்டார். கேட்டவர்கள் உருகினார்கள். இயக்கத்தின் புத்திசாலித்தனம் அதற்கு அடுத்த படியில் இருந்தது. வலையில் தற்செயலாகச் சிக்கிய மீனை விடுவிக்க வலையை அறுத்தாகவேண்டும்; வலை மீனவனின் முதல். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது, பின்னாளில் 25,000 ரூபாய் வரை. மீனவர்களே படம் எடுத்து அத்தாட்சி காட்ட ஏற்பாடு வந்தது. அதன் பிறகு நூற்றுக்கணக்கான மீன்கள் வலையிலிருந்து கடலுக்குத் திரும்பின.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு. சட்டம்தான் வேலை செய்தது, சாமியாரும் பணமும் அலங்காரம் என்பார்கள். அட்டவணையில் சேர்த்ததால் ஏலமும் ஏற்றுமதியும் நின்றன, சரி. நடுக்கடலில் நள்ளிரவில் வலைக்குள் புரளும் மீனிடம் எந்த வனக்காவலரும் வரப்போவதில்லை. அங்கே கத்தி வலையில் பாயுமா மீனில் பாயுமா என்பதை மீனவன் ஒருவன்தான் முடிவு செய்கிறான். இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் வலுவானது. மண்ணெண்ணெய் வந்து திமிங்கில எண்ணெய்க்கு வேலை இல்லாமல் போனதால் திமிங்கிலம் பிழைத்தது, அறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது. கணக்கு ஒத்துவரவில்லை. பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டியது 1859இல். அதற்குப் பிந்தைய 20ஆம் நூற்றாண்டில்தான் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. விளக்கெரிக்கத் தேவைப்படாத எண்ணெய் சோப்புக்கும் மார்கரினுக்கும் தேவைப்பட்டது. சரி, கிரீன்பீஸ் இளைஞர்கள் 1975இல் படகெடுத்துப் போய் சோவியத் ஈட்டிக்கு முன்னால் நின்றபோது எந்த வேட்டைக்காரனின் சோற்றைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், ஆனாலும் 1982இல் தடைத் தீர்மானம் வந்ததே என்று கேட்கலாம். வந்தது. அதற்குள் திமிங்கிலம் அருகி, பல நாடுகளுக்கு அந்தத் தொழிலே நஷ்டமாகிவிட்டிருந்தது. யாருக்கு இன்னும் பிழைப்பாக இருந்ததோ அந்த நார்வே, ஐஸ்லாந்து, ஜப்பான் ஆகியவை எதிர்த்தன, சுற்றிவளைத்தன, இன்றும் வேட்டை முழுதாக நிற்கவில்லை. அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்கு 1977இல் போட்ட தடையைச் சீக்கிரமே தளர்த்தி அளவு வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சாதுவன் முதல் நாளே கண்ட உண்மை அது.

இப்போது காஞ்சியின் பட்டு. காஞ்சி மடத்தின் 68ஆவது பீடாதிபதி சந்திரசேகரேந்திர சரஸ்வதி (1894–1994) பட்டு வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார். புழுக்களைக் கொல்லும் பாவம் ஒன்று, கல்யாணச் செலவு ஏறி ஏழைப் பெண்வீட்டார் நொடிந்துபோவது இன்னொன்று. பட்டை மடியாகக் கருதும் ஆசாரத்தின் தலைமை இடத்திலிருந்து இது வந்தது என்பதால் அதன் துணிச்சலைக் குறைத்து மதிக்கக்கூடாது. ஆனால் அது உடுத்துபவர்களிடம் சொல்லப்பட்ட சொல், நெய்பவர்களிடம் அல்ல. நெய்பவர்களுக்காகப் பேசிய குரலும் அதே ஊரிலிருந்து வந்தது: காஞ்சியில் நெசவுச் சமூகத்தில் பிறந்த அண்ணா, 1953இல் தேங்கிக்கிடந்த கைத்தறித் துணியைத் திருச்சித் தெருக்களில் தோளில் சுமந்து விற்றார். ஒருவர் புழுவுக்காகப் பேசினார், இன்னொருவர் தறிக்காரருக்காக. கொள்கையில் எதிரெதிர்த் துருவங்கள், சேர்ந்திருக்க வாய்ப்பில்லைதான். ஆனால் குஜராத்தில் ஒரே மேடையில் வந்த இரண்டு வாதங்களும் காஞ்சியில் தனித்தனித் தெருவில் நடந்துபோயின. கல்யாணக் கூடங்களில் பட்டு அப்படியே இருக்கிறது.

புழு திமிங்கிலம் ஆகுமா, அது மனிதன் வளர்க்காவிட்டால் பிழைக்கவே தெரியாத வளர்ப்புப் பூச்சி அல்லவா என்று கேட்பது நியாயமே. இனம் அழியும் கவலை அதில் இல்லை. சமணரும் பௌத்தரும் சங்கராச்சாரியாரும் கேட்டது இனத்தின் கேள்வி அல்ல, ஓர் உயிரின் கேள்வி. அந்தக் கணக்கில் ஒரு புடவைக்குச் சில ஆயிரம் உயிர் போகிறது. புழுவைக் கொல்லாத பட்டும் வந்துவிட்டது. குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி அப்படி ஒரு புடவை கேட்டதிலிருந்து தொடங்கி, ஆந்திரக் கைத்தறித் துறையில் இருந்த குசும ராஜையா அந்துப்பூச்சி வெளியேறிய கூடுகளைக் கொண்டு அகிம்சைப் பட்டு செய்து காட்டினார். சிக்கல் தறியில் இருக்கிறது. பூச்சி துளைத்த கூட்டின் இழை அறுந்துபோயிருக்கும். அதைப் பருத்திபோல் நூற்கத்தான் வேண்டும். பளபளப்பு மட்டுப்படும், பிசிர் தட்டும். கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா, கரைக்குத் துணையாள். அடித்து இறுக்கும் பாவில் இழைக்கு இழை முறுக்கு ஒத்திருக்கவேண்டும். அறும் இழை ஒவ்வொன்றையும் நிறுத்தி முடிச்சுப் போட்டால் நாள் நீளும், உருப்படிக் கூலி அப்படியே இருக்கும். கொல்லாமையின் விலை அங்கே தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழுகிறது. கைத்தறிக்குத் தள்ளுபடி மானியம் கொடுப்பது தமிழக அரசுக்குப் புதிய வேலையில்லை. அதில் ஒரு பங்கை அகிம்சைப் பட்டு நெய்பவரின் உருப்படிக் கூலியில் கூட்டிக் கொடுக்கலாம். மீதி வித்தியாசத்தைச் சந்திரசேகரேந்திர சரஸ்வதியின் சொல்லை மதிப்பவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஏற்றுக்கொள்ளட்டும்.