தக்காளி இலைச்சுருள் நோய்: வெப்பத்தில் பெருகும் வெள்ளை ஈக்கள்

பெங்களூரு: கோலார் மாவட்டத்திலும் பெங்களூரு சுற்றுவட்டாரத்திலும் தக்காளி விவசாயிகளைக் கோடைதோறும் அச்சுறுத்துவது இலைச்சுருள் நோய். இதனை உண்டாக்கும் வைரஸ்களுள் ஒன்றுக்கு இந்நகரின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. நோயைப் பரப்புவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள வெள்ளை ஈ.

நோயுற்ற இலையின் சாற்றை உறிஞ்சும் ஈயின் உடலுக்குள் செல்லும் வைரஸ், குடலைக் கடந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. பின்னர் அந்த ஈ சாறு உறிஞ்சும் செடிகளுக்கெல்லாம் நோய் தொற்றக்கூடும். சுமார் 28 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், முட்டை மூன்று வாரங்களுக்குள் முழு ஈயாகிவிடுகிறது. குளிரில் நெடுநாள் பிடிக்கும். எனவே, வறண்ட வெப்பம் நீடித்தால் ஒரே பருவத்தில் கூடுதல் தலைமுறைகள் தோன்றும் என்பதே பருவநிலை மாற்றம் குறித்த கவலைக்குக் காரணம். எனினும், கடும் வெயில் ஈக்களுக்கும் ஒவ்வாது. பலத்த மழை அவற்றை அடித்துச் செல்லும்.

பழியை வெப்பத்தின் மீது மட்டுமே சுமத்த இயலாது. பல நாடுகளில் பரவியிருந்த ‘பி’ வகை வெள்ளை ஈ 1999-ஆம் ஆண்டு கோலாரில் கண்டறியப்பட்டது; அக்காலத்திலேயே அங்கு நோய் தீவிரமடைந்தது.

பூச்சிக்கொல்லிகளுக்கு இந்த ஈ விரைவில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடுகிறது. ஆகவே, நாற்றங்காலை நுண்வலையால் மூடுவதுடன், ஹெசரகட்டாவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘அர்கா ரக்ஷக்’ போன்ற நோய் எதிர்ப்பு ரகங்களைப் பயிரிடுவது பரிந்துரைக்கப்படுகிறது.