'நபர்' என்னும் ஒரு சொல்

சொல்லுக்குப் பொருள் காண்பது நமது அன்றாட அலுவல். அப்பொருள் ஒருவரது வாழ்வின் வாயிலை அடைக்கவும் கூடும் என்பதற்கு இங்கிலாந்தின் சட்டத் தொழில் வரலாறு சான்று பகரும்.

சொலிசிட்டராகத் தகுதி பெறுவோரை 1843-ஆம் ஆண்டுச் சட்டம் 'நபர்' எனக் குறித்தது. ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்று முதல் வகுப்பில் தேறிய குவினெத் பெப் அம்மையாருக்கு அத்தொழிலுக்கான தேர்வெழுத அனுமதி மறுக்கப்பட்டது. தாமும் ஒரு நபரே என அவர் 1913-இல் வழக்காடினார். பெண்கள் அத்தொழில் புரிந்த மரபு இல்லை. ஆதலின் அச்சொல் அவர்களைக் குறிக்காது என்று தீர்ப்பாயிற்று. ரெஜினா குஹா அம்மையார் வக்கீலாகப் பதிவு பெற விரும்பியபோது, கல்கத்தா உயர் நீதிமன்றமும் 1916-இல் அவ்வாறே பொருள் கொண்டது.

பின்னர், 1919-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றித் தடையை நீக்கிற்று. பெப் அம்மையாரோ பிள்ளைப்பேற்றின் பின் நலிவுற்று 1921-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே ஐவி வில்லியம்ஸ் இங்கிலாந்தின் முதல் பெண் பாரிஸ்டராகவும், கேரி மாரிசன் முதல் பெண் சொலிசிட்டராகவும் ஆயினர். இந்தியப் பெண்களுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது.

பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்திற்கு முதல் பெண் தலைவராக பிரெண்டா ஹேல் அம்மையார் 2017-இல் பொறுப்பேற்றார். அப்பெருமையில் தோற்ற வழக்கொன்றிற்கும் பங்குண்டு என்பதை நாம் மறவாதிருப்போமாக.