சாசனக் கல்லிலிருந்து முகம் பொறித்த கல் வரை: யாழ்ப்பாணத்துக் கல்லெழுத்தின் ஒரு வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணுக்கடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டுவோர் உடைத்தெடுத்து மதிலுக்கு வைத்ததும், சூளையில் சுட்டு நீறாக்கியதும் அதுவே. நுண்ணிய எழுத்தை நெடுங்காலம் தாங்கவல்ல கருங்கல் இங்கு விளையாமையால், கல்லில் எழுதுதல் என்பது கல்லை வருவிக்கவும் கற்றச்சனை அமர்த்தவும் வல்ல அதிகாரத்தின் காரியமாகவே பெரும்பாலும் இருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம் இதற்குத் தக்க பிரமாணம். 12ஆம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறும் அது, ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகளுக்குக் காவல் விதித்து, யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் சேதமுற்றால் நாலில் ஒரு பங்கும், வாணிபச் சரக்கேற்றிய கப்பலாயின் சரிபாதியும் பண்டாரத்துக்கு உரியவென வரையறுக்கிறது. அக்கல்லில் பேசுவது அரசன்; வணிகனோ மாலுமியோ ஒருவனுக்கும் அதில் பெயரில்லை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1706இல் அங்கு எழுப்பிய தேவாலயத்தில் தம் உத்தியோகத்தரின் கல்லறைப் பலகைகளைப் பதித்தபோது தனிமனிதரின் பெயர் கல்லில் ஏறிற்றெனினும், அம்மனிதர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் மனிதரே. அத்தேவாலயம் உள்நாட்டுப் போரில் அழிந்தது.

ஊர்க்குடும்பங்களின் நிலை வேறு. கிறிஸ்தவர்க்குச் சேமக்காலையும் அதில் ஒரு சிலுவைக் கல்லும் உண்டு. தகனஞ் செய்யும் சைவரோ, 31ஆம் நாள் அந்தியேட்டியில் வம்சாவளி, சரமகவி, புகைப்படம் ஆகியவற்றை அச்சிட்டு வழங்கும் சிறு பிரசுரத்தையே ‘கல்வெட்டு’ எனக் கொண்டனர். முகமும் பெயரும் அருகருகே நிற்கும் நினைவுச்சின்ன மரபு இவ்வாறு காகிதத்திலே தழைத்தது. இன்று மெருகிட்ட கருங்கற் பலகையில் லேசரால் உருவம் பொறிக்கப்படுவதை அம்மரபு கல்லுக்கு ஏறிய கட்டமென்றே நான் கருதுகிறேன்.

1960இல் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கிய நான்கு ஆண்டுகளில், மகாராஷ்டிரத்துப் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரை ஆக்கினார். கல்லில் உருவம் பொறிக்கப் பெரிதும் பயன்படுவது அவ்வகையே. அதன் கண்ணுக்குப் புலனாகாத கதிர் பட்ட புள்ளியில் கல்லின் தாதுக்கள் வெவ்வேறு அளவில் விரிவதால் மேற்பரப்பு நுண்ணியதாய் வெடித்து, ஒளியைச் சிதறடித்து வெளிறித் தோன்றும். ஆகவே கரிய கல்லில் சுடப்படுவது முகத்தின் நிழலன்று, வெளிச்சம். கூந்தலும் கண்மணியும் தீண்டப்படாத கல்லாகவே எஞ்சும். புள்ளிகளின் நெருக்கமே சாம்பல் நிறத்தின் தரங்களை உண்டாக்குகிறது. சிலேட்டுப் பலகையும் இவ்வாறே வெளிறும். நம் வெண்சுண்ணாம்புக்கல்லிலோ வெளிறுதற்கு இடமில்லை. கதிரின் வெம்மை அங்கே சூளையின் வேலையையே செய்து கல்லை நீறாக்கும். பொறி வந்த பின்னரும் கல்லை வெளியிலிருந்தே வருவிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உளி வெட்டிய எழுத்து தன் பள்ளத்து நிழலால் வாசிக்கப்படுவது; நிறம் மங்கினும் சாய்ந்த வெயிலில் தெளியும், மை தடவித் தாளில் எடுக்கும் மைப்படிக்கும் இசையும். லேசர் உருவமோ நிறபேதத்தால் மட்டுமே நிற்பது. அதன் ஆழம் மில்லிமீற்றரின் சிறு பின்னமே ஆதலால், பாசி படர்ந்தோ எண்ணெய் ஊறியோ மேற்பரப்பு மங்கின் மைப்படியில் அதிகம் எஞ்சாது. ஆதலின் கல் நாட்டுவிப்போர் படத்தை லேசருக்கு விடினும், பெயரையும் பிறப்பு இறப்புத் திகதிகளையும் உளியால் ஆழ வெட்டுவித்தல் நலம்.