கொழுந்துக் கணக்கில் உதிர்ந்த பின்னம்

பகாங்கு மாநிலத்துக் கேமரன் மலை, 1885இல் அங்கு நில அளவைக்குச் சென்ற வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியது. ஜே. ஏ. ரசல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஆண்டு 1929. அம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தவருள் தமிழர் பலர். அக்கால மலாயாவில் இருவகை நிறைகள் வழங்கின: ஒன்று கட்டி என்னும் மலாய் நிறை, மற்றொன்று ஆங்கிலேயரின் இராத்தல். மூன்று கட்டி நான்கு இராத்தலாகும். ஆதலின் ஒரு கட்டி 1⅓ இராத்தல். இம்மூன்றிலொன்றே தொல்லை, 0.333 என எத்தனை இலக்கம் எழுதினும் அது முடிவதில்லை.

ஒருத்தி நாள்தோறும் 25 கட்டி கொழுந்து பறித்தாள் எனக் கொள்க. அது 33⅓ இராத்தல். கிராணி ஏட்டில் 33 என்று பதிந்தால் 24 நாளில் 792 இராத்தல் வரும். அவள் பறித்த 600 கட்டியோ 800 இராத்தல். எட்டு இராத்தல் கொழுந்து கூடையில் இருந்தது, கணக்கில் இல்லை. கிராணி பொய் எழுதவில்லை; அன்றன்று பின்னத்தை விட்டார், அவ்வளவே.

முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/102400 என வாய்பாடு ஓதிய தமிழ்க் கணக்காயர் பின்னத்தை எளிதில் விட்டவரல்லர். (முந்திரியாலும் மூன்றிலொன்றை முற்ற எழுத இயலாது என்பது வேறு.)

கணிப்பொறிக்கும் இவ்விடர் உண்டு. மிதவைப்புள்ளி முறையில் அது எண்ணுக்குக் குறித்த அளவு இலக்கங்களையே ஏற்கும். நான்கு இலக்கம் ஏற்கும் பொறியில் 1000உடன் 0.4ஐக் கூட்டினால் 1000 என்றே நிற்கும். பத்து முறை கூட்டினும் அதுவே. உண்மை விடையோ 1004. கனடா நாட்டு வில்லியம் கஹான் 1965இல் இதற்கொரு வழி வெளியிட்டார். உதிர்ந்த 0.4ஐத் தனியே வைத்து, அடுத்து வரும் 0.4உடன் சேர்த்தால் 0.8, விடை 1001 ஆகும். மிகையாகச் சேர்ந்த 0.2ஐ அடுத்த முறை கழித்துக்கொள்ள வேண்டும். இவ்வாறே சென்றால் பத்தாம் முறை 1004 சரியாக வந்து நிற்கும்.

கொழுந்துக் கூலியோ வெறுங் கூட்டலன்று. அன்றன்றைய நிறையை அன்றன்றைய விலையால் பெருக்கி, பின் எல்லாவற்றையும் கூட்டுவது. கணித நூலார் இதனை உட்பெருக்கம் என்பர். பெருக்கலில் இலக்கங்கள் ஏறத்தாழ இருமடங்காதலின் உதிர்வதும் மிகும். பெருக்கலில் உதிர்ந்ததையும் கண்டெடுக்கும் வழியை நெதர்லாந்து அறிஞர் தெக்கர் 1971இல் விளக்கினார்.

மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், ஒரு காசு நாணயத்தை விலக்கும் பொருட்டு, கடைச் சீட்டின் தொகையை அண்மையிலுள்ள 5 காசுக்கு மாற்றும் முறை வந்தது. மாற்றப்படுவது இறுதித் தொகை மட்டுமே; சீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளின் விலையும் அன்று.