எண்ணெய்ப் படலம் அறியப்பட்ட வரலாறு

இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காகப் பீச்சம் டவர் என்பவர் தொடர்வண்டி அச்சுகளின் உராய்வை ஆராய்ந்தார். அவரது முதல் அறிக்கை 1883இல் வெளிவந்தது.

சுழலும் அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் மூழ்கியிருந்தது. மேலே பித்தளைத் தாங்கி அமர்ந்திருந்தது. எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் டவர் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் அத்துளை வழியே எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார், வெளியே தள்ளப்பட்டது. மரமுளையும் நிற்கவில்லை. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. தாங்கியின் மீதிருந்த சராசரிச் சுமையோ 100 பவுண்டுதான்! அதாவது உலோகம் உலோகத்தைத் தொடவில்லை. எண்ணெயே சுமையைத் தாங்கியது. உச்சியில் துளையிட்டு எண்ணெய் விடுவது அக்கால வழக்கம். அழுத்தம் மிகுந்த இடத்திலேயே எண்ணெய் வெளியேற வழி செய்து வைத்திருந்தார்கள்!

காரணத்தை 1886இல் ஆசுபர்ன் ரெனால்ட்சு கணித முறையில் விளக்கினார். சுழலும் அச்சு, பாகுத்தன்மையுள்ள எண்ணெயை ஆப்பு வடிவ இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது; இடுக்கு குறுகக் குறுக அழுத்தம் உயர்கிறது.

மகிழுந்து எஞ்சினின் கிராங்க் தண்டும் இப்படித்தான் மிதக்கிறது. எண்ணெய்ப் பம்பின் அழுத்தமே தண்டைத் தூக்கி நிறுத்துகிறது என்று மாணவர் பலர் எழுதுவதுண்டு; அது சரியன்று. பம்பு எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவே. சுமை தாங்கும் அழுத்தம் சுழற்சியால் பிறப்பது. எஞ்சின் நின்றால் தண்டு தாங்கியின் மீது அமர்ந்துவிடும். மீண்டும் கிளப்பும்போது, படலம் உருவாகும் வரையான அந்தச் சில கணங்களில்தான் உலோகம் உரசித் தேய்கிறது.