நீர் இல்லாத தேநீர்: பெங்களூரில் ஒரு பானமும் அதன் சொல் வரலாறும்

'தேநீர்' என்ற சொல்லின் பின்பாதி நீர். ஈழத்து வழக்கான 'தேத்தண்ணி'யிலும் தண்ணீர் இருக்கிறது. ஆனால் பெங்களூர் வீடுகளின் குளிர்பதனப் பெட்டிகளில் இன்று இடம்பிடித்திருக்கும் 'கோல்டு ப்ரூ மில்க் டீ'யில் நீரும் இல்லை, நெருப்பும் இல்லை. பதப்படுத்திய பால் அரை லிட்டரில் பத்துப் பன்னிரண்டு கிராம் தேயிலையை இட்டு, மூடி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து வடிகட்டினால் பானம் தயார். இதைத் தமிழில் 'போட்ட டீ' என்பதா, 'காய்ச்சிய டீ' என்பதா? இரண்டும் பொருந்தவில்லை. 'ஊறல்' என்பதே செயலுக்கு நெருக்கமான சொல். ஆனால் நாளிதழ்த் தமிழ் அச்சொல்லைக் கள்ளச்சாராயத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது.

செய்முறையின் அறிவியல் எளிது. கொதிநீர் தேயிலையிலிருந்து கஃபீனையும் துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்களையும் சில நிமிடங்களில் இழுத்துவிடும். குளிரில் இவை மெதுவாகவும் குறைவாகவும் கரைகின்றன. பாலிலுள்ள கேசீன் புரதம் பாலிஃபீனால்களுடன் பிணைந்து துவர்ப்பை மேலும் தணிக்கிறது. ஆகவே கசப்பற்ற, மென்மையான சுவை கிடைக்கிறது. பால் ஊறும் நேரம் முழுவதும் குளிரிலேயே இருக்க வேண்டும் என்பது இதன் கட்டாய நிபந்தனை. அறை வெப்பத்தில் அத்தனை மணி நேரம் வைத்தால் பால் கெட்டுவிடும்.

இப்பானத்தை 'நம் மரபுக்கு அந்நியமானது' என்று ஒதுக்குவோர் உண்டு. அந்த மரபின் வயதைப் பார்ப்பது நல்லது. 1903ஆம் ஆண்டின் தேயிலைத் தீர்வைச் சட்டத்தின்வழி அமைந்த குழுவும், 1930களில் அதன் தொடர்ச்சியாக வந்த இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியமும்தான் இந்தியர்களுக்குத் தேநீர் குடிக்கக் கற்றுக்கொடுத்தன. அவை பரப்பிய முறையில் கொதித்த நீரை இலைமீது ஊற்றி, சில நிமிடம் மூடிவைத்து, பாலைப் பின்னர் தனியே சேர்க்க வேண்டும். பாலையும் இலையையும் சர்க்கரையையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டு மசாலாவும் தூவும் பழக்கத்தைத் தேயிலை வணிகர்கள் விரும்பவில்லை. மசாலா கூடினால் இலையின் செலவு குறையும் என்பது அவர்கள் கவலை. 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் சிறு மணிகளாக்கியது. குறைந்த இலையில் அடர்ந்த நிறமும் கடுமையும் தரும் அந்த மலிவுத் தேயிலையே தெருக்கடைப் பால்தேநீரை நாடெங்கும் நிலைநிறுத்தியது. இன்று 'பாரம்பரியம்' எனப்படுவது, ஒருகாலத்தில் அதிகாரபூர்வச் செய்முறையை மீறிய மக்கள் பழக்கம்.

குளிர்ந்த தேநீரும் இந்தியாவுக்குத் தொடர்பற்றதன்று. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இந்தியத் தேயிலைக்கு ஆள்சேர்க்கச் சென்ற ரிச்சர்ட் பிளெச்சிண்டன், வெயிலில் யாரும் சூடான தேநீரைத் தொடாததால் பனிக்கட்டியிட்டு வழங்கினார் என்பது புகழ்பெற்ற கதை. அவரே அதைக் கண்டுபிடித்தவர் என்பது மட்டும் பிழை. 1879இல் வெளிவந்த வர்ஜீனியச் சமையல் நூலொன்றிலேயே பனித்தேநீர்க் குறிப்பு உண்டு. அமெரிக்காவில் ஏரிகளிலிருந்து எளிதில் கிடைத்த பனிக்கட்டி, சென்னைக்குக் கப்பலேறி வரவேண்டியிருந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் அதைச் சேமித்துவைக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். குளிர்ச்சி என்பது அன்று வெள்ளையர் வீட்டுச் செல்வம்.

அது நடுத்தர வர்க்கச் சமையலறைக்குள் வந்ததும், பால் நம்பகமான பண்டமானதும் சேர்ந்தே இப்பானத்தைச் சாத்தியமாக்கின. பெங்களூரில் இக்கதைக்கு ஒரு தமிழ் இழை உண்டு. 1905இல் நீலகிரியில் வெண்ணெய் வணிகமாகத் தொடங்கிய ஒரு முதலியார் குடும்பத்தின் 'நீல்கிரீஸ்', 1936இல் பிரிகேட் சாலையில் கடை திறந்தது. மலைநாட்டின் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தண்டுப்பகுதி மக்களின் மேசைக்கு வந்தன. எல்லோருக்குமான பால் பின்னர் வந்தது. 1965 ஜனவரியில் பெங்களூர் பால்பண்ணையைப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திறந்துவைத்தார். 1974இல் உலக வங்கி உதவியுடன் கர்நாடகப் பால்வள மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இன்று 'நந்தினி' உறை இல்லாத தெரு நகரில் அரிது.

அதே சாஸ்திரியின் கையெழுத்து இலையின் பக்கத்திலும் இருக்கிறது. பால்பண்ணைத் திறப்புக்கு மூன்று மாதங்களுக்கு முன், 1964 அக்டோபரில், அவரும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். இலங்கையில் குடியுரிமையற்றிருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சியோரைப் பின்னர் பார்ப்பது என்று கணக்குப் போடப்பட்டது. கணக்கில் வந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் வந்தவர்களுக்கு வேலை தரவே 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே பின்னர் 'டான்டீ' ஆனது. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் அவர்களது வழித்தோன்றல்கள் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். அத்தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பித் தர அண்மையில் முடிவானபோது, அவர்களது வீடுகள் என்னவாகும் என்ற கேள்வி மீண்டும் எழுந்தது.

நீலகிரித் தேயிலை ஆறினாலும் எளிதில் கலங்காது. பனித்தேநீர்க் கலவைகளுக்கு அது விரும்பி வாங்கப்படுவது இதனால்தான். குளிர் ஊறலுக்கு முழு இலை நீலகிரித் தேயிலை பொருத்தமானது. சி.டி.சி. தூளை வடிகட்டுவது கடினம், வண்டலும் மிஞ்சும்.

சொல்லுக்கு வருவோம். சீனத்தின் மின்னான் வழக்கிலிருந்து 'தே' டச்சு வணிகத்தின் கடல்வழியே பரவியது. 'சா' பாரசீகம்வழி 'சாய்' ஆனது. தமிழ் 'தே'யைக் கொண்டது. மலையாளம் இலைக்குத் 'தேயில'யையும் பானத்துக்குச் 'சாயா'வையும் வைத்துக்கொண்டது. கன்னடத்தில் 'சஹா'வும் 'டீ'யும் அருகருகே வாழ்கின்றன. பெங்களூர்க் கடையொன்றில் இந்த எல்லா வடிவங்களையும் ஒரே காலையில் கேட்கலாம். கொதிக்கும் பாலுக்கு இடம்கொடுத்த 'தேநீர்', குளிர்ந்த பாலுக்கும் இடம்கொடுக்கும். சொற்கள் தம் பகுதிகளின் பொருளைக் கடந்து வாழப் பழகியவை. 'எண்ணெய்' எள்ளை மறந்து தேங்காய் எண்ணெய் ஆகவில்லையா? 'தேயிலை'யில் உள்ள இலையைப் பறிக்கும் கைகளை மட்டும், பானம் எத்தனை முறை மாறினாலும், மறப்பதற்கில்லை.