காலுக்கேற்ற கிராங்கு



"வளர்ற புள்ளதானே, கொஞ்சம் பெருசா எடுப்பம்" என்று சொல்லாமல் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கும் வாப்பாமார் நம்ம ஊர்களில் குறைவு. வாங்கியதும் சீட்டை அடிவரை இறக்கிவிடுவோம். ஆனால் பெடலைத் தாங்கும் கிராங்கு குட்டையாகாது. அந்த இரும்புக் கையின் வரலாறு கொஞ்சம் சுவையானது.

ஆரம்பகாலச் சைக்கிள் காலை அளந்தே செய்யப்பட்டது. 1860களில் பாரிஸில் மிஷோ பட்டறையின் வண்டிகளில் பெடல் முன்சக்கர அச்சிலேயே இருந்தது. கிராங்கில் நீளமாக ஒரு துவாரம் விட்டிருப்பார்கள். ஓட்டுபவரின் காலுக்கேற்பப் பெடலை நகர்த்திப் பூட்டலாம். 1870களில் பெரிய முன்சக்கர வண்டி வந்தது. சக்கரம் பெருத்தால் வேகம் கூடும், ஆனால் கால் எட்ட வேண்டும். ஆகவே ஆளின் கால் நீளம்தான் சக்கரத்தின் அளவைத் தீர்மானித்தது.

1885இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு. பின்சக்கரத்தைச் செயின் சுழற்றியது. கட்டையானவர்களும் பயமின்றி ஏற முடிந்தது. ஆனால் காலுக்கும் சக்கரத்துக்கும் இருந்த கணக்கு அத்தோடு அறுந்தது. காலப்போக்கில் கிராங்கு கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்து நின்றது. இன்று பெரியவர்களின் சைக்கிளில் 170 மி.மீ. வழக்கம். ஆறடி ஆளுக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் பெரும்பாலும் அதே கிராங்குதான்.

1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பழகினார்கள்; கட்டுப்பாடான குடும்பத்து முஸ்லிம் யுவதிகளும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாததால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பலர் ஓட்டினார்கள். வண்டிக்கேற்ப அவர்கள்தான் வளைந்துகொடுத்தார்கள்.

கிராங்கு நீளமானால் என்ன நடக்கும்? பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மிஞ்சி மடியும். சீட்டை இறக்கினால் இன்னும் மோசம். கிராங்கை 10 மி.மீ. குறைத்தால் சீட்டை 10 மி.மீ. உயர்த்தலாம், உச்சியில் முழங்காலுக்கு 20 மி.மீ. இடம் கிடைக்கும்.

"பலம் குறையுமே" என்பார்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து அளவுக் கிராங்குகளைச் சோதித்தார்கள். உச்ச வலுவில் வந்த வித்தியாசம் 4 சதவீதமளவுதான். 2024இல் டூர் டி பிரான்ஸ் வென்ற பொகாச்சர் 176 செ.மீ. உயரம், ஓட்டியது 165 மி.மீ. கிராங்கு. மிதி கொஞ்சம் பாரமாகத் தெரிந்தால் பின்சக்கரத்துப் பல்லுச்சக்கரத்தைப் பெரிதாக்கினால் சரி.

வயல் பக்கத்துக் கிறவல் பாதையில் ஓடும் பிள்ளைகளுக்கு இன்னொரு நன்மை: பெடல் கல்லில் தட்டுவதும் குறையும்.

பெரும்பாலான கிராங்குகளின் உட்பக்கம், பெடல் பூட்டும் இடத்தருகே நீளம் பொறித்திருக்கும். அடுத்த முறை கடைக்குப் போனால் அதைப் பாருங்கள். சின்னது இருக்கிறதா என்று கேளுங்கள். முழங்கால் நோகுது என்று சைக்கிளை விட்ட மகளைச் சோம்பேறி என்று ஏசுமுன் அந்த இலக்கத்தை ஒருதரம் வாசியுங்கள்.